சாப்டுட்டே வந்துர்றேன்

இந்த ஊர்ல நான் எங்கன்னு போய்ச் சாப்பிடுவேன். வடசேரி பஸ் ஸ்டாண்டு வாசல்ல நிக்கிறேன், மணி பதினொன்னரை, தோள்ல ஒரு பை, கையில ஒரு கட்டைப்பை, கட்டைப்பைக்குள்ள முறுக்கு, அதிரசம், ஒரு பாட்டில் மாவடு, எல்லாம் எம்பொண்ணு அரசிக்கு. இளவரசின்னு பேரு வச்சோம், கூப்பிடறது அரசி. மாசமா இருக்கா, ஏழு மாசம். வாய் புளிப்பு கேக்கும்னுதான் மாவடு. மன்னார்குடியிலேருந்து நேத்தே கெளம்பி, மதுரையில தங்கச்சி வீட்ல தங்கி, காலையில பஸ் ஏறினது. ஏறினப்பவே தீர்மானம், நாகர்கோவில்ல எறங்கினதும் மொத வேலை வயித்தைக் கவனிக்கிறது, அப்புறம்தான் ஒழுகினசேரிக்கு, பொண்ணு வீட்டுக்குப் போறது. ஏன்னா அந்த வீட்ல நான் சாப்பிட முடியாது. கை நனைக்க மாட்டேன்னு என் வீட்டுக்காரர்கிட்ட சரி சொல்லிட்டு வந்திருக்கேன். எங்க பக்கத்துல சம்பந்தம் ஒத்துக்காத வீட்ல யாரும் சோறு சாப்பிடறதில்ல. பொண்ணு பாக்கப் போனாக்கூட பஜ்ஜி காபியோட எந்திரிச்சு வந்துருவோம், எலை போட்டு உக்காந்தா ஒத்துக்கிட்டோம்னு அர்த்தம். அவரு ஒத்துக்கல. அரசி தானா கல்யாணம் பண்ணிக்கிட்டு ரெண்டு வருஷமாச்சு, இன்னும் ஒத்துக்கல. சுகர் மாத்திரையை நான் காலையில போட்டாச்சு, பன்னெண்டரை தாண்டினா கை நடுங்கும், அப்புறம் அரசி வீட்டு வாசல்லயே மயங்கி விழுந்து, அவ மாமியா ஓடியாந்து வாயில சக்கரைத்தண்ணி ஊத்தி, ஊரே பாக்க அங்க கை நனைச்ச மாதிரி ஆயிடும். நெனச்சா சிரிப்பு வருது. சிரிக்கிற விஷயமா இது, திலகவதி. முப்பத்தோரு வருஷம் சத்துணவுக்கூடத்துல அமைப்பாளரா இருந்து தெனம் எரநூறு புள்ளைங்களுக்குச் சோறு போட்டவ, ஒரு வேளைச் சோத்துக்கு எடம் தெரியாம தெருவுல நிக்கிறே.

எதிர்ல கண்ணாடிக் கதவு போட்ட ஓட்டல். வாசல்ல தட்டு தட்டா படம். படம் போட்டு விக்கிற எடத்துல நாக்குக்கு ஒண்ணும் கெடைக்காது. இருந்தாலும் எட்டிப் பாத்தேன், கை கழுவுற எடம் ஈரமே இல்லாம காஞ்சு கெடந்துச்சு. காலையிலேருந்து ஒரு ஆளும் வந்து கை கழுவல. கதவுகிட்ட நின்னவன் வாங்க மேடம்னான். மேடம்னு கூப்பிடற எடத்துல சாம்பார் தண்ணியாத்தான் இருக்கும். பக்கத்துல பிரியாணிக் கடை, இன்னிக்கு வெள்ளிக்கிழமை, வேணாம். அதுக்கு அந்தப் பக்கம் டீக்கடை, பழத்தை நீளவாக்குல வெட்டி மாவுல தோய்ச்சுப் பொரிச்சு அடுக்கியிருக்கான், ஒரு பாத்திரத்துல ரசத்துக்குள்ள வடை ஊறிக்கிட்டு இருக்கு. வாசனை வேற மாதிரி. தேங்கா எண்ணெய். நாம தலைக்குத் தடவறதை இவங்க வாணலியில ஊத்தறாங்க. அரசி நல்லெண்ணெய் மெதக்கலன்னா வத்தக்கொழம்பைத் தொடவே மாட்டா, தட்டைத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுவா, அந்தப் பொண்ணு இந்த எண்ணெய்க்குப் பழகிட்டாளா. மசக்கையில இந்த வாசனை அவளுக்குக் குமட்டியிருக்காதா. யாரு தலையைப் புடிச்சுக்கிட்டா. கேக்கல நான். போன்ல கேக்கறப்பல்லாம் நல்லாருக்கேம்மான்னு சொல்றா, நானும் சரிடின்னு வச்சுடறேன். ஒரு ஊர்ல எங்க சாப்பாடு நல்லாருக்கும்னு கண்டுபுடிக்கறது எனக்குப் பெரிய வித்தை இல்ல. தெனம் வேலைக்குப் போயிட்டு அதே கடைக்குத் திரும்பத் திரும்ப வர்றவன் உக்காந்திருக்கானான்னு பாரு, சோத்துக் குண்டானை வெளிய தெரியற மாதிரி வச்சிருக்காங்களான்னு பாரு, அவ்வளவுதான். ஆனா இன்னிக்கு எந்தக் கடையைப் பாத்தாலும் ஒரு குத்தம் கண்ணுல படுது. எனக்குச் சாப்பிட மனசில்லாம குத்தம் கண்டுபுடிக்கறேனோ என்னமோ.

கடை எதுன்னு தெரியாமயும் இல்ல. அரசியே சொல்லியிருக்கா. அதுதான் உறுத்துது. நேத்து போன்ல, நீ ஒண்ணும் சமைச்சுக்கிட்டு நிக்காதடி, நான் சாப்டுட்டே வந்துர்றேன்னு சொன்னேன். சாதாரணமாச் சொல்ற மாதிரிதான் சொன்னேன்.  சரிம்மான்னு வச்சுட்டா. ராத்திரிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, அதை மதுரையிலேருந்து இங்க வர்றதுக்குள்ள பத்து தடவை கேட்டாச்சு, இப்ப மறுபடியும் காதுல வச்சுக்கறேன். அம்மா, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்புல இருக்கற கண்ணாடி ஓட்டலுக்குப் போகாத, நல்லாருக்காது. எடது பக்கமா நடந்து மூணாவது சந்துல திரும்பு, சொர்ணம் அக்கா கடைன்னு கேளு, போர்டு இருக்காது, வாசல்ல கரும்பலகையில சாக்பீஸ்ல எழுதியிருக்கும். சம்பா அரிசிச் சோறே வாங்கிக்க, செவப்பா இருக்குன்னு பயப்படாத, உன் சுகருக்கு அதுதான் நல்லது. மொதல்ல பருப்பு ஊத்துவாங்க, அப்பளத்தை நொறுக்கிப் போட்டுப் பெசஞ்சுக்க. அவியல் நல்லாருக்கும், ரெண்டாவது தடவை கேட்டாலும் வைப்பாங்க. பாயசம் குடுப்பாங்க, வேணாம்னு சொல்லிடு. சாப்டுட்டு மெதுவா வா, நான் வீட்லதான் இருக்கேன். அதோட முடிஞ்சுருது. முடியறதுக்கு முன்னால ஒரு மூச்சு. அந்த மூச்சைத்தான் திரும்பத் திரும்பக் கேக்கறேன். அது என்ன மூச்சு, அழுகையா, மாசமா இருக்கறவ மூச்சு வாங்கினதா, இல்ல இன்னும் ஏதோ சொல்ல வந்து விட்டதா. ஏன்டி, இங்க வந்து சாப்பிடும்மான்னு ஒரு வார்த்தை உன் வாயில வரலையேடி. நான் மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன், இருந்தாலும் நீ கூப்பிட்டிருக்கணும். பெத்தவளைக் கடைக்கு வழி சொல்லி அனுப்பறா பாரு. அப்படின்னு கோவம் வருது, வந்த வேகத்துல போயிடுது, கூப்பிட்டா நான் மாட்டேங்கணும், மாட்டேன்னு சொல்ல வைக்கக் கூடாதுன்னுதான் கூப்பிடல, எனக்குத் தெரியாதா. தெரிஞ்சும் மறுபடி கோவம் வருது.

மூணாவது சந்துன்னு எண்ணாம நடந்துட்டேன்போல, ஆட்டோ ஸ்டாண்டு வந்துடுச்சு. சொர்ணம் கடைன்னு கேக்காம, இங்க நல்ல சாப்பாடு எங்கப்பா கெடைக்கும்னு கேட்டேன், வேற ஏதாவது கடை சொல்ல மாட்டானான்னு ஒரு நப்பாசை. என் வயசுதான் இருக்கும் அந்த ஆட்டோக்காரருக்கு, பேப்பரை மடிச்சு வச்சுட்டு, சைவமா மீனான்னு கேட்டாரு, எங்கேருந்து வர்றீங்க, யாரு வீட்டுக்குன்னு கேட்டாரு. வாய் சும்மா இருக்காம பொண்ணு வீட்டுக்குன்னுட்டேன். அவரு என்னை ஏற எறங்கப் பாத்தாரு, கட்டைப்பையைப் பாத்தாரு. "மக வீட்டுக்கு வந்துட்டு எதுக்கும்மா கடையில சாப்பிடணும்?" தப்பாக் கேக்கல, நெஜமாவே புரியாமத்தான் கேட்டாரு. வீட்ல ஆள் இல்ல, சாயங்காலந்தான் வருவாங்கன்னு ஒரு பொய்யைச் சொன்னேன். அப்படின்னா சொர்ணம் கடைக்குப் போங்க, வந்த வழியே ரெண்டு சந்து பின்னாலன்னாரு. எல்லாரும் அங்கயே அனுப்பறாங்க. நான் திரும்பி நடந்தேன், முதுகுல அந்த ஆளு பார்வை இருந்துச்சு.

கட்டைப்பை கையை அறுக்குது. முறுக்கும் அதிரசமும் நான் எடுத்துட்டுப் போறேன், அதை அந்த வீட்ல எல்லாரும் சாப்பிடணும், சாப்பிட்டு நல்லாருக்குன்னு சொல்லணும், ஆனா அவங்க குடுக்கறதை நான் தொட மாட்டேன். இது என்ன நியாயம்னு பஸ்ல வர்றப்பவே தோணிச்சு, தோணினதை அப்படியே அமுக்கிட்டு ஜன்னலுக்கு வெளிய பாத்தேன், கரண்டு எடுக்கற பெரிய காத்தாடிங்க வரிசையா நின்னுச்சு. அமுக்கினா அடங்குதா. அஞ்சம்மா வந்து நிக்கிறா. எங்க சத்துணவுக்கூடத்துச் சமையல்காரி அஞ்சம்மா, அவ வந்த புதுசுல ஒருத்தன் பள்ளிக்கூட வாசல்ல வந்து நின்னு, எம்புள்ள அவ கையால சாப்பிடாது, வீட்லேருந்து வரும்னான். அவனைப் பாத்து இன்னும் நாலு பேரு. அன்னிக்கு நான் என்ன பண்ணினேன், ஒரு தட்டை எடுத்துட்டு புள்ளைங்க வரிசையில நடுவுல போய் சப்புன்னு தரையில உக்காந்து, அஞ்சம்மா, எனக்குப் போடுன்னேன். அவ ஊத்தின சாம்பார் பாதி தட்டுக்கு வெளிய போயிடுச்சு. வாசல்ல நின்னவன் பாக்கப் பாக்க சாப்பிட்டேன், ரெண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் அவன் புள்ளையும் வரிசையில உக்காந்துச்சு. வீட்டுக்கு வந்து சொன்னப்ப அவரு, என் வீட்டுக்காரர் கலியபெருமாள், அப்ப மின்வாரியத்துல லைன்மேன், கம்பத்துலேருந்து எறங்கி வந்த அழுக்கோட நின்னுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. நீ சரியான ஆளுடின்னாரு. தெருவுல பாக்கறவங்ககிட்டல்லாம் சொன்னாரு. அந்த மனுஷன்தான் பொண்ணுன்னு வந்ததும் இப்படி ஆயிட்டாரு. அவரைச் சொல்றேனே, நான் என்னவாம். அவரு கை நனைக்காதன்னாரு, நான் சரின்னேனே. யாரும் என் கழுத்தைப் புடிக்கலையே.

கெட்டவரு இல்ல அவரு. அரசி போன் பண்ணி, கல்யாணம் ஆயிடுச்சுப்பா, அவரு பேரு தாணு, நாகர்கோவில்காரருன்னு சொன்ன அன்னிக்கு அவரு சத்தம் போடல, திட்டல, சரின்னு சொல்லிட்டு போனை வச்சுட்டாரு. அதுலேருந்து அவ பேரை வாயால சொல்றதில்ல. ஆனா டிவியில கன்னியாகுமரி மாவட்டத்துல மழைன்னா சத்தத்தைக் கூட்டுவாரு. அணையில தண்ணி எத்தனை அடின்னு கேட்டுட்டுத்தான் எந்திரிப்பாரு. ஏழு மாசம்னு நான் சொன்னப்ப ஸ்டூல் மேல நின்னு மின்விசிறியைக் கழட்டிக்கிட்டு இருந்தாரு. திரும்பிப் பாக்காம, "போயி பாத்துட்டு வா, கை மட்டும் நனைக்காத"ன்னாரு. ஸ்க்ரூவை வாயில கடிச்சுக்கிட்டே சொன்னாரு. அந்தப் 'போயி பாத்துட்டு வா'ங்கறதே எனக்குப் பெருசா இருந்துச்சு, அதனால மிச்சத்துக்கும் சரின்னுட்டேன். இப்ப மீறினா என்ன ஆகும். அடிக்கவா போறாரு. ரெண்டு மாசத்துல பிரசவம். அதுக்கு நான் வந்து பக்கத்துல இருக்கணும்னா அவரு வாயைத் தொறந்து போன்னு சொல்லணும். நீ சொன்ன சொல்லைக் காப்பாத்தலைன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாருன்னா என் பொண்ணு வலியில கத்தறப்ப நான் மன்னார்குடியில உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கணும். மீறலைன்னா, அந்த வீட்ல அவ மாமியா முன்னாடி, என் அம்மா உங்க வீட்ல தண்ணி கூடத் தொடமாட்டாங்கங்கற மாதிரி அவ தலை குனிஞ்சு நிக்கணும். நான் பஸ் ஏறி வந்துடுவேன். அவ அந்த வீட்லதானே இருக்கணும்.

கரும்பலகை தெரிஞ்சுடுச்சு. சாப்பாடு, அவியல், இஞ்சிப்பச்சடி, பாயசம்னு எழுதியிருக்கு. உள்ள பத்து பேரு உக்காரலாம். கறுப்புக் கோட்டு போட்ட வக்கீல் ரெண்டு பேரு, ஒரு தபால்காரர், பேங்குப் பொண்ணுங்க மாதிரி மூணு பேரு. எல்லாரும் தெனம் வர்றவங்கதான், ஒருத்தரும் என்ன இருக்குன்னு கேக்கல. கை கழுவுற எடம் சொதசொதன்னு ஈரம். குத்தம் சொல்ல ஒண்ணும் இல்லாம நான் உக்காந்துட்டேன். எலை போட்டாங்க, தண்ணி தெளிச்சேன், தொடைச்சேன். ஓரத்துல உப்பு, இஞ்சி, துவட்டல்னு ஒரு பொரியல், அவியல், நடுவுல செவப்பா பருக்கை பருக்கையா சோறு, மேல பருப்பு, பக்கத்துல அப்பளம். அரசி சொன்ன வரிசை மாறாம வருது. அப்பளத்தை நொறுக்கலாம்னு கையை எடுத்தப்பதான் அது தட்டுச்சு. இந்த வரிசை அவளுக்கு எப்படித் தெரியும். வீட்ல அடுப்பு இருக்கு, மாமியா இருக்காங்க, அவளுக்கு இந்தக் கடையில அவியலை ரெண்டாவது தடவை கேட்டா வைப்பாங்கன்னு எப்படித் தெரியும். கேட்டுப் பாத்திருக்கா. ஒரு நாள் வந்து சாப்பிட்டவளுக்கு இவ்வளவு தெரியாது. சொர்ணம் அக்கா, நல்ல உயரம், மூக்குல ரெண்டு பக்கமும் மூக்குத்தி, சாம்பார் வாளியோட நின்னு, ஏன்மா கை வைக்கல, யாரு சொல்லி வந்திய, வெளியூராங்கறாங்க. எம்பொண்ணு சொன்னா, இளவரசின்னு பேருன்னேன்.

அந்தம்மா வாளியைக் கீழ வச்சுட்டாங்க. தாணுக்க பெஞ்சாதியா, அவளுக்க அம்மையா நீங்கன்னு கேட்டுட்டு, எதிர்ல ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து சொல்ல ஆரம்பிச்சாங்க. கல்யாணம் முடிஞ்சு வந்த புதுசுல தாணு வீட்லயும் ஏத்துக்கலையாம். பக்கத்துத் தெருவுல ஒரு ரூம்ல இருந்தாங்களாம் ரெண்டு பேரும், அடுப்பு கெடையாது, அவன் காலையில வேலைக்குப் போயிடுவான், அரசி தெனம் மத்தியானம் தனியா வந்து இதே பெஞ்சுல, இந்த ஓரத்துல உக்காந்து சாப்பிடுவாளாம். மூணு மாசம். யாரோடயும் பேச மாட்டாளாம், பருப்புக்கு அப்பளத்தை நொறுக்கிக்கிட்டு எலையைப் பாத்தபடியே சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுவாளாம். ஒரு நாள் தாணுவோட அம்மா, பகவதியம்மான்னு பேராம், தேடிக்கிட்டு வந்து வாசல்ல நின்னு பாத்துட்டு, உள்ள வந்து அவ எலைக்கு எதிர்ல எலை போடச் சொல்லி உக்காந்தாங்களாம். "ஒண்ணும் பேசல்ல. ரெண்டு பேரும் சாப்பிட்டாவ. கை கழுவிட்டு, வா மக்ளே போவோம்னு கூட்டிட்டுப் போயிட்டாவ. அதோட அந்தப் புள்ள இங்க வரல்ல." சொல்லிட்டு அவங்க சாம்பார் வாளியைத் தூக்கிக்கிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போயிட்டாங்க. மூணு மாசம். அந்த மூணு மாசமும் நான் தெனம் போன் பண்ணி, சாப்டியாடின்னு கேட்டேன், சாப்டேம்மான்னா. என்ன கொழம்பு வச்சேன்னு கேப்பேன், சாம்பார்னுவா, மோர்க்கொழம்புன்னுவா, கரும்பலகையைப் பாத்துச் சொல்லியிருப்பா. எரநூறு புள்ளைங்களுக்குச் சாப்பாடு போட்டவ நான், எம்பொண்ணு ஊர் பேர் தெரியாத எடத்துல எலையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்திருக்கா. இங்க உக்காந்து என்னால சாப்பிட முடியாதுன்னு தெரிஞ்சுடுச்சு, இன்னும் ஒரு வாய் கூட வைக்கல. எலையை மூடவும் கூடாது, விட்டுட்டு எந்திரிக்கவும் கூடாது, சாப்பிட வந்த எடத்துல அது நல்ல பழக்கம் இல்ல. இருந்தாலும் எந்திரிச்சேன். இதைக் கட்டிக் குடுத்துருங்க, இன்னொண்ணும் சேத்து ரெண்டாக் கட்டுங்கன்னேன். சொர்ணம் அக்கா வாழையிலையை வாட்டிக் கட்டிக் குடுத்தாங்க.

ஆட்டோவுல மடி மேல ரெண்டு பொட்டலமும் சூடா இருக்கு, வாழையிலை வாசனையும் பருப்பு வாசனையும் வருது. எனக்குள்ள ஒரு வக்கீல் உக்காந்து பேசறான். இது கடைச் சோறு. அந்த வீட்டு அடுப்புல வெந்தது இல்ல. அந்த வீட்டுத் தரையில உக்காந்து சாப்பிட்டாலும் அது கை நனைச்சதுல சேராது. அவருகிட்ட கடையிலதான் வாங்கிச் சாப்பிட்டேன்னு சொல்லலாம், பொய்யும் இல்ல. பொண்ணு கூட உக்காந்து சாப்பிட்ட மாதிரியும் ஆச்சு. எவ்வளவு கெட்டிக்காரி நீ, திலகவதி. பாதி வழியில கை லேசா நடுங்க ஆரம்பிச்சுடுச்சு, சுகரா, பயமா, தெரியல. பகவதியம்மா எப்படி இருப்பாங்க. வாங்கன்னு சொல்வாங்களா. மூணு மாசம் அவங்களும் வீம்பாத்தானே இருந்தாங்க, நான் ரெண்டு வருஷம், அவங்க மூணு மாசத்துல எறங்கி வந்துட்டாங்க, அந்த வகையில அவங்க என்னைவிட ஒசத்திதான். அவங்க கிட்ட நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்கிறது. ஓட்டு வீடு, வாசல்ல செம்பருத்தி, இந்த வீடுதான்னு ஆட்டோ நிக்குது.

அரசி கதவைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. வயிறு முன்னால தள்ளி, முகம் ஊதி, கண்ணுக்குக் கீழ கறுத்து, அப்படியும் அழகாத்தான் இருக்கா. அம்மான்னா. நான் அவ கன்னத்தைத் தொட்டேன், வேற ஒண்ணும் பண்ணத் தெரியல, அழுதா அவளும் அழுவா. பின்னால பகவதியம்மா, சின்ன உருவம், முந்தானையில கையைத் தொடைச்சுக்கிட்டே, வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க, இருங்கன்னு சொல்லிட்டு ஒரு சொம்புத் தண்ணியோட வந்தாங்க. தண்ணி குடிச்சா ஒண்ணும் கை நனைச்சதா ஆகாது, இருந்தாலும் என் கை தானாவே பையிலேருந்து பாட்டிலை எடுத்துடுச்சு. எங்கிட்ட இருக்குங்கன்னேன். அவங்க சொம்பை ஜன்னல் ஓரமா வச்சாங்க. அரசி அந்தச் சொம்பையே பாத்தா. அப்பவே நான் செத்துட்டேன். முறுக்கு, அதிரசம், மாவடுன்னு ஒவ்வொண்ணா எடுத்து வச்சு வாய் ஓயாம பேசினேன், பகவதியம்மா ஒரு முறுக்கை எடுத்துக் கடிச்சு, நல்ல மொறுமொறுன்னு இருக்குன்னாங்க. அப்புறம் பொட்டலத்தை எடுத்தேன். சொர்ணம் கடையில வாங்கிட்டு வந்தேன், அரசியும் நானும் சாப்பிடலாம்னு, சொல்றப்பவேதான் எனக்கு ஒறைச்சுது. ரெண்டு வாங்கியிருக்கேன். மூணு பேரு இருக்கோம். மூணு வாங்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. கட்டினவங்க கூட மூணான்னு கேக்கல, நான் அவ்வளவு உறுதியா ரெண்டுன்னு சொல்லியிருக்கேன்.

பகவதியம்மா ஒண்ணும் காட்டிக்கல. நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க, எனக்கு இப்ப பசிக்கல்ல, நான் பொறவு சாப்பிடுவேன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. சமையக்கட்டுலேருந்து வறுத்த தேங்காயும் சின்ன வெங்காயமும் சேந்து கொதிக்கிற வாசனை வருது, இப்பதான் எறக்கி வச்சிருக்கணும். நான் சாப்டுட்டே வந்துர்றேன்னு சொல்லியும் சமைச்சிருக்காங்க. அரசி கஷ்டப்பட்டு கீழ உக்காந்து பொட்டலத்தைப் பிரிச்சா, அப்பளம் நமுத்துப் போயிருந்துச்சு, அதைத் துண்டு துண்டாக் கிள்ளி என் சோத்து மேல போட்டா. என்னை நிமிந்து பாக்கல. எலையையே பாத்தா. அவ அந்தக் கடை பெஞ்சுல மூணு மாசம் எப்படி உக்காந்திருப்பான்னு எனக்குத் தெரிஞ்சுடுச்சு, இப்ப எதிர்ல நான் இருந்தும் அப்படியே உக்காந்திருக்கா. நான் பருப்புச் சோத்தைப் பெசஞ்சு ஒரு வாய் வச்சேன். நல்ல சாப்பாடு. சத்துணவுக்கூடத்துல முப்பத்தோரு வருஷம் மொத வாய் ருசி பாத்த நாக்கு இது, இதுல ஒரு குத்தமும் இல்ல, உப்பு அளந்து போட்ட மாதிரி இருந்துச்சு. உள்ள பாத்து, கொஞ்சம் சத்தமாவே கூப்பிட்டேன். "சம்பந்தி, இதுல உப்பு பத்தல. நம்ம வீட்டு உப்பைக் கொஞ்சம் கொண்டாங்க."

அரசி நிமிந்து பாத்தா. அவ வாயிலயும் அதே சோறுதான், உப்பு சரியா இருக்கறது அவளுக்கும் தெரியும்.  பகவதியம்மா உப்பு டப்பாவோட வந்து, குனிஞ்சு, ரெண்டு விரலால எடுத்து என் எலை ஓரத்துல வச்சாங்க.  நான் அந்த உப்பை எடுத்து சோத்துல போட்டுப் பெசஞ்சேன், இனி கடைச் சோறுன்னு சொல்ல முடியாது, எனக்குள்ள இருந்த வக்கீல் எந்திரிச்சுப் போயிட்டான். அடுப்புல இருக்கறதையும் எடுத்துக்கிட்டு நீங்களும் வந்து உக்காருங்க, இந்தப் பொட்டலத்தை மூணு பேரும் பிரிச்சுக்கலாம்னேன். உள்ளித்தீயல்னு சின்ன வெங்காயக் கொழம்பு வச்சிருந்தாங்க. கறுப்பா, கெட்டியா, அதுக்கு மேல தேங்கா எண்ணெய் நிக்குது. செவப்புச் சோத்துல ஊத்திச் சாப்பிட்டேன், வேற ருசி, எங்க வத்தக்கொழம்புக்கு அக்கா மாதிரி. நான் கேட்டு ரெண்டாவது தடவை வாங்கினேன். அரசி அழுதுக்கிட்டே சாப்பிட்டா, பகவதியம்மா அவ முதுகைத் தடவி, சாப்பிடுறப்ப அழப்பிடாது மக்ளேன்னாங்க.

அப்பதான் போன் அடிச்சுது. அவருதான். நான் வெளியூர் போனா மத்தியானம் ஒரு மணியானா கூப்பிடுவாரு. எச்சில் கையை எலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு எடக்கையால எடுத்தேன். மூணு பேரு சாப்பாடும் நின்னு போச்சு. சாப்டியா, திலகான்னாரு. சாப்டுக்கிட்டு இருக்கேங்கன்னேன். எங்கன்னாரு. கடைன்னு சொல்ல வாயெடுத்தா வந்திருக்கும். அரசி என் முகத்தையே பாத்துக்கிட்டு இருக்கா, வயித்து மேல ஒரு கை. பிரசவத்துக்கு விடுவாரோ விடமாட்டாரோ, விடலைன்னா நான் பஸ் ஏறி வந்துருவேன், எனக்கு வழி தெரியும் இப்ப. "நம்ம பொண்ணு வீட்ல"ன்னேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. வச்சுட்டாரோன்னு காதுலேருந்து எடுத்துப் பாத்தேன், வைக்கல. மூச்சு கேக்குது. தொண்டையைச் செருமினாரு. 

"என்ன கொழம்பு?"ன்னு கேட்டாரு.